ஷ்மிட் ஏன் வீட்டுக்கு ஓடினான்?

மேலாண்மைப் புத்தகங்களை இலக்கிய வாசகர்கள் சீண்டுவதே இல்லை. புத்தகக் காட்சியில் அவை அடுக்கியிருக்கும் ஸ்டாலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஆனால் நம்மில் பலருடைய பகல்பொழுதை எழுதிக்கொண்டிருப்பவை அந்தப் புத்தகங்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறை அப்ரைசல் அறையில் உட்காரவைத்து, 'வேலையில உங்களை எது மோட்டிவேட் பண்ணுது?' என்று கேட்கிறார்கள். 'புதுசா கத்துக்கணும், சவாலான வேலை வேணும்' என்று நாமும் சொல்லிவிட்டு வருகிறோம். 'வாடகை கட்டணும், அதான் வர்றேன்' என்று யாரும் சொல்வதில்லை. கேள்வி, பதில் இரண்டுமே வேறு யாரோ, வேறு ஏதோ தேசத்தில், நாம் பிறப்பதற்கு முன்பே எழுதிவைத்த வசனங்கள்.

அந்த வசனங்களை எழுதியவர்களைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். கோட்பாடு சரியா தவறா என்பதை உளவியலாளர்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். இலக்கிய வாசகரிடம் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. கதையை யார் சொல்கிறார்? யாருக்கு வசனம் தரப்பட்டிருக்கிறது? யார் கடைசிவரை வாயே திறக்கவில்லை? ஊழியர்களின் ஊக்கம் பற்றிய கோட்பாடுகளில் புகழ்பெற்ற பலவும் ஏதாவது ஒரு கதையின் மேல்தான் நிற்கின்றன. அதனால் இந்தக் கேள்விகளுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

1

1899. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து பெத்லஹேம் எஃகு ஆலை. முற்றத்தில் வார்ப்பிரும்புக் கட்டிகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 92 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 42 கிலோ. தொழிலாளி குனிந்து ஒரு கட்டியைத் தூக்கி, சாய்வுப் பலகையில் ஏறி, ரயில் வேகனுக்குள் போட வேண்டும். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தார். 47 டன் ஏற்ற முடியும் என்று கணக்குப் போட்டார் ஃபிரெடெரிக் டெய்லர். அன்றைய டன் கணக்கில் அது சுமார் 1,140 கட்டிகள். பத்து மணி நேர வேலைநாளில் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு.

இந்தக் கணக்கை நிரூபிக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. 1911இல் வந்த 'அறிவியல்முறை மேலாண்மையின் கோட்பாடுகள்' என்ற அவருடைய நூலில் அந்த ஆளின் பெயர் ஷ்மிட். டெய்லர் இந்த இடத்தை நாடகமாகவே எழுதுகிறார். மேலாளர் ஷ்மிட்டைக் கூப்பிட்டு, நீ விலை அதிகமுள்ள ஆளா, மற்றவர்களைப் போல மலிவான ஆளா என்று கேட்கிறார். ஷ்மிட்டுக்குக் கேள்வி புரியவில்லை. கொச்சையான ஜெர்மன் உச்சரிப்பில் திக்கித் திக்கிப் பதில் சொல்கிறான். அந்த உச்சரிப்பை டெய்லர் எழுத்துப் பிசகாமல் பதிவு செய்கிறார். பழைய தமிழ்ப் படங்களில் சேட்டு தமிழ் பேசுகிற காட்சி ஞாபகம் வருகிறதா? அதே உத்திதான். கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நாளை முதல் ஒரு ஆள் உன் பக்கத்தில் நிற்பார், தூக்கு என்றால் தூக்கணும், உட்கார் என்றால் உட்காரணும், எதிர்த்துப் பேசக் கூடாது. நாளுக்கு 1.15 டாலர் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இனி 1.85 டாலர். ஷ்மிட் 47 டன் ஏற்றிவிடுகிறான். கதை முடிந்தது, நீதி கிடைத்தது. மனிதனை உழைக்கவைப்பது காசு. எப்படி உழைப்பது என்று யோசிப்பது மேலாளரின் வேலை.

கணக்கை ஒருமுறை சரிபார்ப்போம். சம்பளம் 61 சதவீதம் ஏறியிருக்கிறது. வேலை மூன்றே முக்கால் மடங்காக ஏறியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அந்த 1911ஆம் ஆண்டிலேயே நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், டெய்லரும் பதில் எழுதினார். முதலில் கேள்வி கேட்டவர் ஒரு நாவலாசிரியர் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னும் பிடித்த விஷயம் டெய்லரின் பிரதிக்குள்ளேயே இருக்கிறது. ஷ்மிட் மந்தமானவன், இந்த வேலைக்கு ஏற்றவன் மனதளவில் எருதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதும் அதே டெய்லர், அவனைப் பற்றி வேறு சில தகவல்களையும் போகிறபோக்கில் தருகிறார். ஷ்மிட் சிக்கனமானவன். சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறான். அதில் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டுகிறான். காலையில் ஆலைக்கு வருவதற்கு முன்பு கொஞ்சம் சுவர், சாயங்காலம் வேலை முடிந்த பிறகு கொஞ்சம் சுவர். வேலை முடிந்ததும் ஒரு மைல் தூரமுள்ள வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடியே போவான், காலையில் வந்ததுபோல அப்போதும் தெம்பாக இருப்பான்.

டெய்லருக்கு இது தேக வலுவுக்கான சாட்சி. இன்னும் சுமக்கவைக்கலாம் என்பதற்கான ஆதாரம். கதை படிக்கிற ஒருவருக்கு இங்கே வேறொன்று தட்டுப்படும். பகலெல்லாம் இரும்பு சுமந்த ஒருவன், மேற்பார்வை இல்லாமல், போனஸ் இல்லாமல், சொந்த யோசனையில் கல் மேல் கல் வைக்கிறான். இவனை யார் ஊக்குவித்தது? எருது நிலம் வாங்குமா? வீட்டுக்குத் திட்டம் போடுமா? டெய்லர் தேடிக்கொண்டிருந்த விடை அவர் எழுதிய பத்தியிலேயே கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டார்.

பின்கதை ஒன்று உண்டு. ஷ்மிட் என்பது புனைபெயர். நிஜ மனிதரின் பெயர் ஹென்றி நோல். கதாபாத்திரத்தை 'அவன்' என்று எழுதிவிட்டேன், நோல் என்ற மனிதரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். 1974இல் சார்லஸ் ரெகி, அமெடியோ பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆவணங்களைக் கிளறிப் பார்த்தார்கள். டெய்லர் இந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அது மாறியிருக்கிறது. சோதனையை அன்றாடம் நடத்தியவர்கள் அவருடைய உதவியாளர்கள். முதலில் பொறுக்கியெடுக்கப்பட்ட தொழிலாளிகள் துண்டுக்கூலிக்கு ஒப்பாமல் மறுத்திருக்கிறார்கள். மறுத்தவர்களுக்கு நூலில் வசனம் இல்லை. நம் நிர்வாகவியல் வகுப்புகளில் இன்றும் முதல் பாடமாக வருவது இந்தக் கதைதான்.

2

அடுத்த கதை சிகாகோவுக்குப் பக்கத்தில், சிசரோ என்ற ஊரில் நடக்கிறது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை. தொலைபேசிக் கருவிகள் செய்யும் இடம். 1924இல் தொடங்கி 1932 வரை அங்கே நடந்த சோதனைகள்தான் 'மனித உறவுகள்' என்ற மேலாண்மைப் பள்ளியின் புராணம். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுகிறது, குறைத்தாலும் கூடுகிறது. அப்புறம் ஒரு தனி அறையில் பெண் தொழிலாளிகளை உட்காரவைத்து ரிலே கருவிகளைப் பூட்டச் சொன்னார்கள். இடைவேளை கொடுத்தார்கள், வேலைநேரத்தைக் குறைத்தார்கள், பிறகு எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள். உற்பத்தி மொத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. எல்டன் மேயோவும் அவர் வழிவந்தவர்களும் சொன்ன நீதி: மனிதர்களுக்கு வேண்டியது கவனிப்பு. அவர்களை யாராவது பொருட்படுத்தினால் போதும், உழைப்பார்கள்.

இதமான நீதிதான். ஆனால் கதையின் நடுவில் ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. 1928 ஜனவரியில், அந்த அறையிலிருந்த இரண்டு பெண்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வேலையின்போது அதிகம் பேசினார்கள் என்பது குற்றம். பதிலுக்கு வந்த இருவரும் சுறுசுறுப்பானவர்கள், உற்பத்தி ஏறியது. போதாததற்கு, கூலிக் கணக்கையும் அந்தச் சின்னக் குழுவுக்கு மட்டும் தனியாக மாற்றியிருந்தார்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் காசு நேரடியாகக் கைக்கு வரும். 1967இல் அலெக்ஸ் கேரி இதையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதியபோது, அன்பும் கவனிப்பும் செய்த அற்புதம் என்று சொல்லப்பட்டதற்குள் பழைய காசும் பழைய மிரட்டலும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேசுகிறவர்களைத் துரத்திவிட்டு எழுதப்பட்ட ஒரு கதை, மனிதர்கள் பேசிக்கொள்வதற்கு ஏங்குகிறார்கள் என்று முடிகிறது. இந்த முரண்நகையை ஒரு புனைகதையில் வைத்தால் செயற்கையாக இருக்கிறது என்பார்கள்.

அதே ஆலையில் இன்னொரு அறையும் உண்டு. எனக்கு அந்த அறைதான் முக்கியம். 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, 14 ஆண்கள் தொலைபேசி இணைப்பகங்களுக்கான கம்பி பூட்டும் வேலையைச் செய்தார்கள். ஒரு ஓரத்தில் பார்வையாளர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். இங்கே கவனிப்பு எந்த அற்புதத்தையும் செய்யவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று அவர்களே ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் செய்கிறவனைப் பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள், புஜத்தில் ஒரு குத்து விட்டார்கள். ரொம்பக் குறைவாகச் செய்கிறவனையும் விடவில்லை. மேலிடத்தில் போட்டுக்கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

ஏன் இப்படி? அதிகமாகச் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்பது தொழிலாளிகள் சொன்ன காரணம். ஆய்வாளர்கள் அந்தக் காரணத்தை முழுசாக நம்பவில்லை. இது குழுவின் உணர்வு சார்ந்த நடத்தை, தர்க்கம் சார்ந்தது அல்ல என்ற பக்கமே சாய்ந்தார்கள். அது எந்த வருஷம் என்று பாருங்கள். உலகப் பெருமந்தத்தின் உச்சம். வேலை இல்லாமல் போய், ஆட்குறைப்பு நடந்து, அந்த ஆய்வு அறையையே 1932இல் மூடினார்கள். வேலையை மிச்சம் வைத்துச் செய்தவர்கள்தான் நடக்கப்போவதைச் சரியாகக் கணித்திருந்தார்கள். ஆனால் நூலில் அவர்கள் 'உணர்வுவயப்பட்டவர்கள்', குறிப்பெடுத்தவர் தர்க்கம் உள்ளவர்.

கதைசொல்லியின் அதிகாரம் என்று நாம் இலக்கியத்தில் சொல்வது இதைத்தான். பாத்திரம் தன் செயலுக்குத் தானே காரணம் சொல்கிறது. கதைசொல்லி அதை ஒதுக்கிவிட்டு வேறொரு காரணத்தை ஒட்டுகிறார்.

3

மாஸ்லோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், முக்கோணத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீழே பசியும் தூக்கமும், மேலே தன்னிறைவு. வேடிக்கை என்னவென்றால், 1943இல் ஆபிரகாம் மாஸ்லோ எழுதிய மூலக் கட்டுரையில் அந்த முக்கோணம் கிடையாது. பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்கள் வரைந்த படம் அது. கட்டுரையில் மாஸ்லோ விதிவிலக்குகளை அடுக்குகிறார். படைப்பு வேகம் உள்ளவர்கள் அடிப்படைத் தேவைகள் நிறைவேறாமலே படைக்கிறார்கள் என்கிறார். வறுமையிலும் காசநோயிலும் 1948இல் செத்துப்போன புதுமைப்பித்தனுக்கு அந்தக் கட்டுரையில் இடமுண்டு, முக்கோணத்தில் கிடையாது. தயங்கித் தயங்கி எழுதிய ஒரு கட்டுரையை ஸ்லைடில் ஒட்ட வசதியாகப் படமாக்கியபோது, தயக்கமெல்லாம் உதிர்ந்துவிட்டது.

ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் கொஞ்சம் சிக்கலான ஆசாமி. 1959இல் வந்த அவருடைய ஆய்வு, பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் கதை கேட்டது. வேலையில் நீங்கள் ரொம்ப சந்தோஷமாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், ரொம்ப வெறுத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். சந்தோஷக் கதைகளில் சாதனை, அங்கீகாரம், வேலையின் ருசி எல்லாம் வந்தன. வெறுப்புக் கதைகளில் மேலதிகாரி, நிர்வாகக் கொள்கை, சம்பளம், பணிச்சூழல் எல்லாம் வந்தன. அதிலிருந்து அவர் வந்த முடிவு: சம்பளம் குறைந்தால் மனிதன் வெறுத்துப்போவான், ஆனால் சம்பளத்தைக் கூட்டினால் மட்டும் வேலையை நேசித்துவிட மாட்டான். நம் அனுபவத்துக்கு இது ஒத்துப்போவது போலத்தான் இருக்கிறது.

ஆனால் தன்னிலைக் கதைசொல்லியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இலக்கியத்தில் பால பாடம். நல்லது நடந்தால் நான் செய்தேன் என்பதும், கெட்டது நடந்தால் மேனேஜர் சரியில்லை என்பதும் மனித இயல்பு. ஹெர்ஸ்பெர்க் கண்டுபிடித்தது வேலையின் இயல்பையா, கதை சொல்வதன் இயல்பையா? விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர் 1964இலேயே இதைக் கேட்டுவிட்டார். பொறியாளரும் கணக்காளரும் சொன்ன கதையை இரும்பு சுமப்பவருக்கும் பொருத்தலாமா என்பது அடுத்த கேள்வி. வயிறு நிறைந்தவர்களிடம் கேட்டால் சோறு முக்கியமில்லை என்றுதான் சொல்வார்கள்.

நம்மாட்களுக்கு நெருக்கமான கதை டேவிட் மெக்கிலேலாண்டுடையது. ஹார்வர்டு உளவியலாளரான இவர், ஒரு மனிதனுக்குச் சாதனை வேட்கை எவ்வளவு என்று அளக்க ஒரு வழி வைத்திருந்தார். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார். கதைக்கு மதிப்பெண் போடுவார். நாயகன் ஒரு இலக்கு வைத்து, தடைகளை எண்ணிப் பார்த்து, திட்டம் போட்டு, முன்னேற முயன்றால் மதிப்பெண். ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டிருந்தால் மதிப்பெண் இல்லை. 1961இல் வந்த நூலில் பல நாடுகளின் பள்ளிப் பாடநூல் கதைகளுக்கே இப்படி மதிப்பெண் போட்டு, அந்த நாடுகளின் பொருளாதார வளர்ச்சியோடு ஒப்பிட்டார். 1964இல் ஆந்திராவின் காக்கிநாடா வணிகர்களை ஹைதராபாத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்து, சாதனை வேட்கையைக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சியின் ஒரு பகுதி, மதிப்பெண் கிடைக்கும்படியான கதைகளை எழுதப் பழகுவது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் பயமாக இருந்தது. மௌனியின் கதைகளைக் கொடுத்தால் எவ்வளவு போடுவார்? அநேகமாகச் சுழியம். நகுலனுக்கு மைனஸில்கூடப் போகலாம். இலக்கியம் வேலைக்கு உதவாது என்று சொல்பவர்களோடு நாம் சண்டை போட்டிருக்கிறோம். இலக்கியம் ரொம்ப உதவும், ஆனால் இந்த மாதிரிக் கதை மட்டும் எழுது என்று சொல்பவர் அதைவிட ஆபத்தானவர்.

ஒருவரைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும். 1960இல் டக்ளஸ் மெக்ரெகர் எழுதிய 'நிறுவனத்தின் மனித முகம்' என்ற நூலின் எக்ஸ், ஒய் கோட்பாடுகளைப் பலரும் இரண்டு வகைத் தொழிலாளிகள் என்று தப்பாகப் படிக்கிறார்கள். அவை இரண்டு வகை மேலாளர்களின் மனதில் இருக்கும் தொழிலாளிச் சித்திரங்கள். மனிதன் சோம்பேறி என்று நம்புகிறவர் சோம்பேறியை உண்டாக்கும் ஆபீஸைக் கட்டுவார் என்கிறார் மெக்ரெகர். இந்த வரிசையில் காமிராவைக் கதைசொல்லியின் பக்கம் திருப்பியவர் அவர்.

4

இந்தக் கோட்பாடுகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவை எல்லாவற்றையும் சோதித்துத் தோற்ற ஒரு மேலாளர் இருக்கிறார். அவருக்குப் பெயர் கிடையாது. 1853இல் ஹெர்மன் மெல்வில் எழுதிய 'பார்ட்டில்பி' கதையின் வழக்கறிஞர். வால் ஸ்ட்ரீட்டில் ஆபீஸ். பத்திரங்களைக் கையால் நகலெடுக்கும் எழுத்தர்கள். அவர்களில் ஒருவன் பார்ட்டில்பி. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவன், ஒருநாள் நகலைச் சரிபார்க்கக் கூப்பிட்டபோது, செய்யாமலிருக்கவே விரும்புவதாக மரியாதையாகச் சொல்கிறான். அதற்கு மேல் விளக்கம் இல்லை. பிறகு நகலெடுப்பதையும் நிறுத்திவிடுகிறான். ஆபீஸைவிட்டும் போக மறுக்கிறான்.

வழக்கறிஞர் கெட்டவர் இல்லை, அதுதான் கதையின் பலம். அவர் செய்வதையெல்லாம் வரிசையாகப் பாருங்கள். முதலில் நியாயம் பேசுகிறார். பிறகு பரிவு காட்டுகிறார், உன் கதையைச் சொல்லு என்கிறார். பாக்கிச் சம்பளத்துக்கு மேல் 20 டாலர் வைத்துவிட்டுப் போகிறார். வேறு வேலை பார்க்கிறாயா, ஜவுளிக்கடையில் குமாஸ்தாவா, மதுக்கடையிலா, பெரிய வீட்டுப் பையனோடு ஐரோப்பா போகிறாயா என்று பட்டியல் போடுகிறார். என் வீட்டுக்கே வந்துவிடு என்கிறார். இதற்கு நடுவில் அவரே ஆபீஸைக் காலி செய்துகொண்டும் போய்விடுகிறார், ஒன்றும் பலிக்கவில்லை. காசு, கவனிப்பு, வேலை மாற்றம், பாதுகாப்பு என்று பின்னால் வரப்போகும் கோட்பாடுகளின் மருந்துப் பெட்டி முழுக்க ஒரே கதையில் தீர்ந்துபோகிறது.

மெல்வில் செய்தது என்ன? பார்ட்டில்பிக்கு உள்ளே போகாமல் நின்றுகொண்டார். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று சொல்ல மறுத்துவிட்டார். பழைய வேலை பற்றி ஒரு வதந்தியை மட்டும் கடைசியில் வைக்கிறார், அதையும் வதந்தி என்றே சொல்லி வைக்கிறார். டெய்லர் ஷ்மிட்டுக்குள் புகுந்து குடியேறினார். மெல்வில் வாசலிலேயே நிற்கிறார். ஒரு மனிதனைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்று மிச்சமிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது இலக்கியத்தின் அறம் என்றால், அது வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தும்.

5

சரி, எல்லாரையும் குறை சொல்லியாச்சு, மாற்று என்ன என்று கேட்பீர்கள். மாற்றுக் கோட்பாடு என்னிடம் இல்லை. தொழிலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட இரண்டு பிரதிகளைச் சொல்ல முடியும்.

ஒன்று, டொனால்ட் ராய் என்ற சமூகவியலாளர் எழுதியது. பிளாஸ்டிக் தாளை அச்சு வைத்து வெட்டும் இயந்திரத்தில் அவரே தொழிலாளியாகச் சேர்ந்தார். நாள் முழுக்க ஒரே அசைவு. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது என்கிறார். அப்புறம்தான் பக்கத்திலிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கிறார். ஒருவர் தினமும் மதியச் சாப்பாட்டோடு ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். இன்னொருவர் தினமும் காலையில் அதைத் திருடி, வாழைப்பழ நேரம் என்று கத்திவிட்டுத் தின்பார். பறிகொடுத்தவர் தினமும் திட்டுவார். மறுநாளும் கொண்டுவருவார். ஒருநாள்கூட அவர் அந்தப் பழத்தைத் தின்றதில்லை. பீச் பழத்துக்கு ஒரு நேரம், ஜன்னலுக்கு ஒரு நேரம், மீனுக்கு ஒரு நேரம் என்று நாளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். எந்த ஹெச்.ஆர். துறையும் திட்டமிடாத, அங்கீகாரமோ பரிசோ இல்லாத சின்னச் சின்னச் சடங்குகள். நாளைத் தாங்குவதற்கு அவர்களே கட்டிய சுவர்கள்.

இன்னொன்று, அகமதாபாத். 1953இல் காலிகோ ஆலைகளின் தானியங்கித் தறிக் கூடத்தில் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். ஒரே தறிக்கூட்டத்தைப் பல ஆட்கள் பல துண்டு வேலைகளாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் எந்தத் தறியும் முழுசாகப் பொறுப்பில் இல்லை. ஒரு தறித் தொகுதியை ஒரு சின்னக் குழு முழுசாகப் பார்த்துக்கொள்ளலாமே என்ற யோசனை வந்ததும், மேற்கொண்டு குழுக்களை அமைப்பதைத் தொழிலாளிகளே கையிலெடுத்துக்கொண்டார்கள். உற்பத்தியும் துணியின் தரமும் மேம்பட்டன. இங்கேயும் எழுதியவர் ஆலோசகர்தான், ஆலை முதலாளியுடையதுதான், லாபமும் அங்கேதான் போனது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரைஸ் தொழிலாளியின் மனதைக் குடையவில்லை. வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். கோளாறு மனதில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது.

6

ஊக்கம் என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். குறளில் 60ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை. உடைமை என்றால் ஒருவரிடம் இருப்பது. அந்த அதிகாரம் அரசியலில் வருகிறது, அதாவது முதன்மையாக ஆள்பவனிடம் ஊக்கம் கேட்கப்படுகிறது. இன்று நாம் சொல்லும் 'ஊக்குவித்தல்' பிறவினை. ஒருவர் செய்விக்கிறார், இன்னொருவர் செய்கிறார். ஆள்பவரிடம் கேட்கப்பட்ட குணம், ஆளப்படுபவரிடம் இருக்கும் குறையாக மாறிய கதை ஒரு 'வி' விகுதிக்குள் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நம்மைப் போன்றவர்கள் எளிதில் விழக்கூடிய பொறி. மனிதர்கள் காசுக்காக மட்டும் உழைப்பதில்லை என்பது உண்மை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலைப் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்துவிட்டது. ஆசையோடு செய்வதற்குக் கூலி பேசினால் ஆசை வற்றுகிறது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் இதை ஒரு முதலாளி கையில் கொடுத்தால் எப்படிப் படிப்பார்? பேஷன் உள்ளவர்களுக்குச் சம்பளம் முக்கியமில்லை என்று படிப்பார். வேலை விளம்பரங்களில் 'பேஷன்' என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தால் சம்பளம் சின்ன எழுத்தில் இருக்கும். சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கும் இதே தத்துவம்தான்.

நம் சிற்றிதழ் உலகத்துக்கு இது நன்றாகத் தெரியும். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, சொந்தக் காசை இறைத்துப் பத்தாண்டுக்கு மேல் நடத்தி, புத்தக மூட்டையைத் தானே சுமந்து விற்ற சி.சு. செல்லப்பாவை எந்தக் கோட்பாடு விளக்கும்? நாம் அவரைக் கும்பிடுகிறோம். ஆனால் செல்லப்பா சுமந்தது அவருடைய மூட்டை. எதை அச்சிடுவது, எதை நிராகரிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவர் கையில் இருந்தது. அதே அர்ப்பணிப்பை மாத டார்கெட் வைத்து இன்னொருவர் நம்மிடம் கேட்கும்போது, செல்லப்பாவின் பெயரைச் சொல்லி ஏமாந்துவிடக் கூடாது.

ஷ்மிட் ஏன் வீட்டுக்கு ஓடினான் என்பதற்கு என் வாசிப்பு இவ்வளவுதான். அந்தச் சுவர் அவனுடையது. எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று அவன் முடிவு செய்யலாம். களைத்தால் உட்காரலாம், பக்கத்தில் யாரும் உட்கார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சங்கதி நூறாண்டு கழித்து நிறுவனங்களுக்கும் புரிந்துவிட்டது. அதனால்தான் இப்போது 'ஓனர்ஷிப் எடுத்துக்கோங்க' என்கிறார்கள். உங்க சொந்தக் கம்பெனி மாதிரி நினைச்சு வேலை பாருங்க. கல் அவர்களுடையது, நிலம் அவர்களுடையது, வரைபடம் அவர்களுடையது. சுவரைப் பார்த்து ஓடுகிற அந்த ஓட்டம் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

அடுத்த அப்ரைசலில் அந்தக் கேள்வி வரும்போது சிரித்துக்கொண்டே பழைய வசனத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள், தப்பில்லை, வாடகை கட்ட வேண்டும். ஆனால் ஓனர்ஷிப் என்ற சொல் வந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, எதில் என்று கேட்டுப் பாருங்கள். லாபத்திலா, முடிவெடுப்பதிலா, வேலைநேரத்திலா? பதில் வருகிறதோ இல்லையோ, ஷ்மிட்டுக்கு டெய்லர் எழுதாத வசனம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.